கலந்தாய்வு வரை காத்திருப்பதா, இப்போதே பணம் கட்டுவதா? கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். "உங்கள் பெண்ணுக்கு ஓர் இடம்தான் பாக்கி இருக்கிறது, இன்று மாலைக்குள் முன்பணம் கட்டினால் பிடித்து வைக்கிறோம்" என்று முன்பின் தெரியாத ஒருவர் பேசுவார். பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசைப் பட்டியல்கூட அப்போது வந்திருக்காது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர், தவளக்குப்பம் என்று பல ஊர்களிலிருந்தும் பெற்றோர் கேட்பது இதைத்தான்: பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொள்வதா, கலந்தாய்வு வரை பொறுத்திருப்பதா, செலவு குறைந்த அரசுக் கலைக் கல்லூரியில் சேர்த்துவிடுவதா?

மேல்நிலை வகுப்பு ஆசிரியர் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் குடும்பங்கள் மூன்றாம் ஆண்டில் நகையை அடகு வைப்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். படிப்பு முடியும் வரை ஆகும் மொத்தச் செலவு, அதில் அரசு ஏற்கும் பங்கு, மீதிக்குக் கடன் வாங்கினால் வரும் மாதத் தவணை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதலாவது, மொத்தச் செலவு. கல்விக் கட்டணத்தோடு பஸ், விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், சீருடை எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்புக் காலம் முழுவதற்கும் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பது. பெற்றோர் அதிகம் கவனிக்காத அளவுகோல் இது. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து இருக்கை; ஒரு மாணவர் கலந்தாய்வில் வந்தவர், மற்றவர் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் வந்தவர் என்றால் அவர்களுக்குக் கிடைக்கும் அரசு உதவி முற்றிலும் வேறு.

மூன்றாவது, மனம் மாறினால் வெளியே வர முடியுமா, கட்டிய பணம் திரும்புமா என்பது. நான்காவது, படித்து முடித்ததும் கையில் இருக்கும் சான்றிதழ் எந்தக் கதவுகளைத் திறக்கும், இன்னும் எத்தனை ஆண்டு படிக்க வைக்க வேண்டியிருக்கும் என்பது. பிள்ளைக்கு அந்தப் பாடம் பிடித்திருக்கிறதா என்பது இந்த நான்குக்கும் முன்னால் வருவது. அதை நீங்கள்தான் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசிக் கேட்க வேண்டும்.

## அரசுக் கலை அறிவியல் கல்லூரி

கடலூர்க்காரர்களுக்கு இது தேவனாம்பட்டினத்தில் இருக்கும் பெரியார் அரசு கலைக் கல்லூரி. விருத்தாசலம் பக்கம் இருப்பவர்களுக்குக் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி. ஒரே இணைய விண்ணப்பத்தில் பல அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவும் விண்ணப்பமும் சேர்த்து ரூ.50 தான். ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பேருந்துப் பயண அட்டை இலவசம். பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் டிக்கெட்டும் இல்லை.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வரும். இது 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு அதே அளவு உதவி தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. மூன்றாண்டுப் படிப்புக்கு இது ரூ.36,000. தேவனாம்பட்டினத்தில் படிக்கும் ஒரு மாணவிக்குக் கட்டணம், பஸ், புத்தகம் எல்லாம் போக இந்தப் பணத்தில் கொஞ்சம் கையில் நிற்கவும் வாய்ப்பு உண்டு. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை ஆகியவற்றின் கல்லூரி விடுதிகளும் உண்டு. அவற்றுக்குத் தனியாக, உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் இடம் போய்விடும்.

இதிலும் மறைமுகச் செலவு உண்டு. அது காலமாக வருகிறது. பி.எஸ்சி. முடித்தவர் ஆசிரியராக வேண்டுமென்றால் இரண்டாண்டு பி.எட்.; கணினித் துறைக்குப் போக எம்.சி.ஏ.; அதற்கு டான்செட் என்ற நுழைவுத் தேர்வு. ஆகவே மூன்றாண்டுச் செலவை மட்டும் எழுதாமல் ஐந்தாண்டுச் செலவை எழுதுங்கள். அப்படி எழுதிய பிறகும் இதுவே மிகக் குறைந்த தொகையாக இருக்கும்.

"கலைக் கல்லூரியில் சேர்த்தால் பொறியியல் கதவு மூடிவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். பிளஸ் டூவில் கணிதம் படித்து, பிறகு பி.எஸ்சி. முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரத் தனிக் கலந்தாய்வு இருக்கிறது. அரசுப் பணித் தேர்வுகளில் பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் பணிகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பட்டமும் போதும். இரண்டு ஷிஃப்டாக நடக்கும் கல்லூரிகளில் பாதி நாள் கையில் இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அந்தப் பாதி நாள் பெரிய சொத்து.

## கலந்தாய்வு வழியாகப் பொறியியல்

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டு இடம் ஒதுக்கப்படுகிறது. பிள்ளையின் கட்-ஆஃப் 190க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் குழப்பம் இருக்காது. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோரின் கட்-ஆஃப் 130க்கும் 170க்கும் இடையில் இருக்கும். அவர்களுக்குத்தான் இந்த வழியை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுயநிதிக் கல்லூரிகளில் கலந்தாய்வு இடத்துக்கான கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது. 2017இல் அது ஆண்டுக்கு ரூ.50,000 என்றும், பாடப்பிரிவின் தரத்தை மதிப்பிடும் என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு ரூ.55,000 என்றும் வைக்கப்பட்டது. அதே கல்லூரியில் மேனேஜ்மென்ட் இடத்துக்கு ரூ.85,000, ரூ.87,000. சேரும் ஆண்டின் கட்டண உத்தரவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வாசலுக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதவிகள் இந்த வாசலில்தான் குவிந்திருக்கின்றன. குடும்பத்தில் தாத்தா பாட்டி தொடங்கி உடன்பிறந்தவர் வரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகை. சுயநிதிக் கல்லூரியில் இது பொதுவாக ஆண்டுக்கு ரூ.25,000, நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்தது. அதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்ந்தால் அது கிடைக்காது. முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படியே.

அதாவது, அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளைக்குக் கலந்தாய்வுக்கு முன்பே மேனேஜ்மென்ட் இடம் வாங்குவது, இலவசமாகக் கிடைக்கக்கூடிய ஒன்றைக் கடன் வாங்கி வாங்குவதற்குச் சமம். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காமல் பேசுவேன்.

நமக்கு அருகிலேயே பண்ருட்டி பணிக்கன்குப்பத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் சுயநிதிக் கல்லூரியை விட மிகக் குறைவு. சென்னையில் பெரிய விளம்பரப் பலகை வைத்திருக்கும் கல்லூரிக்கு ஆசைப்பட்டு இவற்றைப் பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் எழுதலாமே! விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். பத்துப் பெயரோடு நிறுத்துபவர்கள்தான் கடைசியில் ஏமாறுகிறார்கள். அதே நேரம், போய்ப் பார்க்காத, விசாரிக்காத கல்லூரியைக் கணக்குக்காகப் பட்டியலின் அடியில் போடாதீர்கள். அதுவே ஒதுக்கீடாக வந்து நிற்கும். கல்லூரிவாரியாக முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் விவரமும், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காடும் இணையத்தில் கிடைக்கும். கல்லூரியைப் பற்றி அறிய அவை இரண்டும் எந்த விளம்பரத்தையும் விட நல்ல சாட்சி.

இந்த வழியின் மறைமுகச் செலவுகள்: கல்லூரி பஸ் கட்டணம், வேலைவாய்ப்புப் பயிற்சி என்று வசூலிக்கும் தொகை, மடிக்கணினி. கடலூரிலிருந்து தினமும் போய் வரும் தூரம் என்றால் அரசுப் பேருந்தில் போக அனுமதி உண்டா என்று கேளுங்கள். சில கல்லூரிகள் தங்கள் பஸ்ஸில்தான் வர வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. சேர்ந்த பிறகு அதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

## மேனேஜ்மென்ட் இடமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும்

சென்ற ஆண்டு நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து கரும்பு விவசாயி ஒருவர் ஒரு ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். போனில் அவருக்குச் சொன்ன தொகை முதல் வரியில் சரியாக இருந்தது. அதற்குக் கீழே வளர்ச்சி நிதி, ஆய்வக வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம், சீருடை, பஸ் என்று ஒவ்வொரு வரியாக இறங்கி, அடியில் இருந்த கூட்டுத்தொகை முதல் வரியின் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தது. "இதெல்லாம் முதல் வருஷம் மட்டும்தானா சார்?" என்று கேட்டார். அவற்றில் ஆண்டுதோறும் வருவது எது, ஒரே முறை வருவது எது என்று ரசீதில் எங்கேயும் எழுதவில்லை.

ஆகவே மேனேஜ்மென்ட் இடத்தைக் கேட்கப் போகும் பெற்றோர் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். நான்கு ஆண்டுக்கும் ஆகும் எல்லாக் கட்டணத்தையும் கல்லூரியின் முத்திரையிட்ட கடிதத்தாளில் எழுதி வாங்குங்கள். வங்கிக் கடனுக்கும் அந்தத் தாள் தேவைப்படும். தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் "50 விழுக்காடு சலுகை" என்று சொல்லும்போது அது முதலாண்டுக்கு மட்டுமா, நான்கு ஆண்டுக்குமா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இதற்கும் பொருத்தமான குடும்பங்கள் உண்டு. கடன் இல்லாமல் கட்டக்கூடிய சேமிப்பு இருக்கிறது, அரசு உதவி எதற்கும் தகுதி இல்லை, பிள்ளைக்குக் குறிப்பிட்ட ஒரு பாடத்தில் உண்மையான ஈடுபாடு இருக்கிறது, கலந்தாய்வில் அந்தப் பாடம் நல்ல கல்லூரியில் கிடைக்கும் வாய்ப்பு இல்லை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்து, முழுப் படிப்புக்கும் சலுகை எழுத்தில் கிடைத்தாலும் யோசிக்கலாம்.

இடம் பிடித்து வைக்க ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பயப்பட வேண்டாம். 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால், சிறிய அலுவலகச் செலவைத் தவிர்த்து முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அந்த 15 நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு, கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, அடுத்த 15 நாளுக்குள் 50, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கவும் கூடாது. விலகல் கடிதத்தை நேரில் கொடுத்துத் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள்.

## பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவோ தொழிற்பிரிவோ படித்தவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டில் டிப்ளமோ. வேண்டுமென்றால் அங்கிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டு. நான்கு ஆண்டு ஐந்தாகும், ஆனால் நடுவில் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். குடும்பத்தில் சீக்கிரம் வருமானம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். நெய்வேலியில் என்.எல்.சி. டிப்ளமோ முடித்தவர்களைத் தொழிற்பழகுநராக எடுக்கிறது. கடலூர் சிப்காட்டும் புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

## முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே முள்ளோடை எல்லையை ஒட்டி வாழும் குடும்பங்களின் குழப்பம் தனி. வீடு புதுச்சேரிப் பக்கம் கிருமாம்பாக்கத்தில், பள்ளி கடலூரில் என்று பல பிள்ளைகள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் குடியிருப்புச் சான்றிதழ் உள்ளவர்களுக்குப் புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக இடம் ஒதுக்கப்படுகிறது. பொறியியலுக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் அதுதான் வழி. லாஸ்பேட்டையில் தாகூர் அரசு கலை அறிவியல் கல்லூரி, பெண்களுக்குப் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி, பிள்ளைச்சாவடியில் முன்பு பொறியியல் கல்லூரியாக இருந்து பல்கலைக்கழகமான புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. சென்டாக்கில் தொழிற்படிப்புக்குச் சேர்ந்தவர்களுக்குக் காமராசர் பெயரிலான நிதியுதவித் திட்டமும் உண்டு.

புதுச்சேரியைப் பூர்விகமாகக் கொண்டு, எட்டாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டில் படித்தவர்கள் தமிழ்நாட்டுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். ஆனால் பொதுப் பிரிவில் மட்டுமே கருதப்படுவார்கள். சாதி ஒதுக்கீடு தேவைப்படும் பிள்ளைக்குச் சென்டாக்கே மேல். மறுபுறம், கடலூர்ப் பிள்ளை பொறியியலுக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதியிருந்தால் பிள்ளைச்சாவடிப் பல்கலைக்கழகத்துக்கும், காரைக்காலில் இருக்கும் என்.ஐ.டி.க்கும் அகில இந்தியக் கலந்தாய்வு வழியாக முயலலாம். காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். இந்தத் தேர்வுகளுக்குப் பிளஸ் டூ முடிவுக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பதால், இப்போது பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | அரசுக் கலைக் கல்லூரி | கலந்தாய்வில் பொறியியல் | மேனேஜ்மென்ட் / நிகர்நிலை | டிப்ளமோ இரண்டாம் ஆண்டு |
|---|---|---|---|---|
| காலம் | 3 ஆண்டு, மேற்படிப்புக்கு 2 | 4 ஆண்டு | 4 ஆண்டு | 2 ஆண்டு, பிறகு பொறியியலுக்கு 3 |
| கட்டணம் | ஆண்டுக்குச் சில ஆயிரம் | அரசு குழு நிர்ணயம் | மிக அதிகம் | அரசுக் கல்லூரியில் மிகக் குறைவு |
| முதல் பட்டதாரிச் சலுகை, 7.5% ஒதுக்கீடு | தேவைப்படாது | உண்டு | இல்லை | பொருந்தாது |
| மாதம் ரூ.1,000 திட்டங்கள் | தகுதியுள்ளவர்க்கு உண்டு | தகுதியுள்ளவர்க்கு உண்டு | கல்லூரியில் விசாரிக்கவும் | தகுதியுள்ளவர்க்கு உண்டு |
| மறைமுகச் செலவு | மேற்படிப்புக் காலம் | பஸ், பயிற்சிக் கட்டணம் | ரசீதின் கீழ் வரிகள் | ஓராண்டு கூடுதல் |

## மீதிப் பணத்தை எங்கிருந்து எடுப்பது?

எல்லா உதவியும் போக ஆண்டுக்கு ஒரு லட்சம் துண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கல்விக் கடனில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு எடுக்கிறோம். வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, இரண்டாவதுக்கு நான்கு என்று கூட்டினால் தனிவட்டியே ரூ.1,40,000. ஆக ரூ.5.4 லட்சத்தைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் ரூ.7,100 கட்ட வேண்டும். மொத்தம் ஏறக்குறைய எட்டரை லட்சம்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாக இருந்து, கல்லூரிக்கு அதன் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருந்தால், அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்றுக்கொள்ளும். அப்போது தவணை மாதம் ரூ.5,300 அளவுக்கு இறங்கும். மொத்தத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் மிச்சம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த அங்கீகாரத்தைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் மேலே உள்ள (தொடக்கத்தில் 860 என்று அறிவிக்கப்பட்ட) நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கானது. குடும்ப வருமானம் ரூ.8 லட்சம் வரை இருந்தால் அதில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு.

நகைக்கடனில் வட்டி அதிகம் இல்லைதான். ஆனால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்புக்கு நான்கு முறை அந்த நெருக்கடி வரும். சேர்க்கை நாளுக்கும் வங்கிக் கடன் கைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட சில மாதங்களுக்கு மட்டும் அது பொருந்தும். தனியாரிடம் வாங்கும் கடனில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு; ஒரு லட்சத்துக்கு மாதம் ரூ.3,000 வட்டி மட்டுமே போகும், அசல் அப்படியே நிற்கும். எந்தக் கல்லூரியும், எந்தப் பாடமும் அந்த விலைக்கு உகந்ததல்ல.

கல்விக் கடன் ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் தரும் வகையில் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. கிளையில் "வீட்டுப் பத்திரம் கொண்டுவாருங்கள்" என்றால் அதைச் சுட்டிக்காட்டி, வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். வாய்மொழி மறுப்பை ஏற்காமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட நிர்வாகம் கல்விக் கடன் முகாம் நடத்தும் நாட்களில் வங்கி அதிகாரிகள் ஒரே இடத்தில் இருப்பார்கள். அன்று போவது நல்லது. பெற்றோரும் சேர்ந்தே கடன் கையொப்பம் இடுவதால் உங்கள் பழைய கடன் தவணைகள் நிலுவையில் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

## யாருக்கு எது?

அரசுப் பள்ளியில் படித்து, கணிதத்தில் ஓரளவு மதிப்பெண் உள்ள பிள்ளைக்குக் கலந்தாய்வுதான். வேறு யோசனையே வேண்டாம். கட்-ஆஃப் மிகக் குறைவு, கணிதம் என்றாலே பயம் என்றால் அரசுக் கலைக் கல்லூரி. பொறியியலில் அரியர் சுமந்து நான்கு ஆண்டு கழிப்பதை விட மூன்றாண்டில் நல்ல மதிப்பெண்ணோடு பி.காம். முடிப்பது எவ்வளவோ மேல். கைத்தொழிலில் ஆர்வம், வீட்டில் பணத் தட்டுப்பாடு என்றால் டிப்ளமோ. தனியார் பள்ளியில் படித்து, சலுகைகளுக்குத் தகுதியில்லாத நடுத்தரக் குடும்பம் என்றாலும் கலந்தாய்வில் பிள்ளையின் தரவரிசைக்குரிய சுற்று முடியும் வரை பொறுத்திருங்கள்; கேட்ட பாடம் வரவில்லை என்றால் மேனேஜ்மென்ட் இடங்கள் பெரும்பாலும் அப்போதும் இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அரசுக் கலைக் கல்லூரிக்கும் கலந்தாய்வுக்கும் இரண்டுக்குமே விண்ணப்பித்து வையுங்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் பதிவு செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அது நகர நாளாகும். ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைகள் துணைத் தேர்வை எழுதட்டும். அதில் தேர்ச்சி பெறுபவர்களுக்கும் பொறியியலில் துணைக் கலந்தாய்வு தனியாக நடக்கிறது.